நண்டு கம்பெனியில் மொத்தம் எத்தனை பேர்?

கேள்வி, 9 செப்டம்பர் 2025

"மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் சின்னதாக ஒரு நண்டு கம்பெனி வைத்திருக்கிறேன். மாதச் சம்பளத்தில் ஆறு பேர்தான்: கணக்குப்பிள்ளை, டிரைவர், தராசுக்கு ஒருவர், ஐஸ் உடைக்க இரண்டு பேர், ஒரு சூப்பர்வைசர். நண்டு உடைக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவார்கள். ஒரு நாள் பதினைந்து பேர், ஒரு நாள் இருபத்தைந்து பேர். எடுத்த சதைக்குக் கிலோ கூலி. வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. யாரையும் நான் கட்டாயப்படுத்துவதில்லை. ஏப்ரல் 15 ஆனால் மீன்பிடித் தடைக்காலம், மூடிவிடுவேன். ஆறு பேருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது என்கிறார் ஆடிட்டர். ஆனால் பக்கத்துக் கம்பெனிக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. எனக்கும் வருமா?"

9 செப்டம்பர், இரவு

வரும், அண்ணே. உங்கள் ஆடிட்டர் சம்பளப் பட்டியலை எண்ணியிருக்கிறார். எண்ண வேண்டியது ஷெட்டுக்குள் இருக்கும் தலைகளை.

நண்டு உங்களுடையது. மேசை, கத்தி, தட்டு, தராசு எல்லாம் உங்களுடையவை. சதையில் எது ஜம்போ (பெரிய துண்டு), எது கிளா (கொடுக்குச் சதை) என்று பிரிக்கச் சொல்வது உங்கள் சூப்பர்வைசர். சதையில் ஓடு கிடந்தால் தட்டைத் திருப்பி அனுப்புவதும் அவர்தான். ஒரு பெண் தன் வீட்டில் உட்கார்ந்து, தன் காசில் வாங்கிய நண்டை உடைத்து, தான் சொல்லும் விலைக்கு உங்களிடம் விற்றால் அது வேறு கதை. உங்கள் ஷெட்டில் அவளுடையது என்று இருப்பது அவள் கை மட்டும்தான்.

"கட்டாயப்படுத்துவதில்லை" என்கிற வாதம் பழையது. குஜராத்தில் தாரங்கத்ரா உப்பளத்தில் அகாரியாக்கள் என்று உப்பு விளைவிப்பவர்கள். ஆளுக்கொரு பாத்தி, விளைந்த உப்புக்கு எடைக் கணக்கில் காசு, வேலை நேரம் என்று எதுவும் இல்லை, உதவிக்குத் தங்கள் செலவில் ஆள் வைத்துக்கொள்ளவும் செய்யலாம். இவர்கள் ஒப்பந்தக்காரர்கள் என்று கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1956 நவம்பரில் தீர்ப்பு: இவர்கள் தொழிலாளர்கள்தான். பாத்தி போடுவதிலிருந்து உப்பு வாரும் வரை கம்பெனியின் மேற்பார்வை இருந்தது, தரமில்லாத உப்பைக் கம்பெனி தள்ளியது. வாலிநோக்கத்திலோ திருப்பாலைக்குடியிலோ உப்பளத்தை எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வழக்கை விளக்கத் தேவையில்லை. அந்த அகாரியாவுக்கு இருந்த சுதந்திரத்தில் கால்வாசி கூட உங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குக் கிடையாது.

10 செப்டம்பர்

கணக்கை மட்டும் தனியாக எழுதிவிடுகிறேன். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பொருந்த 10 பேர். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பொருந்த 20 பேர். இ.எஸ்.ஐ. சட்டத்தில் "கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு நாள்" என்று இருக்கிறது. மார்ச்சில் நண்டு குவிந்த அந்த ஒரு நாள் போதும். உள்ளே வந்த பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது. "இப்போது எட்டுப் பேர்தான்" என்று கடிதம் எழுதி யாரும் தப்பித்து நான் பார்த்ததில்லை.

காண்ட்ராக்டர் மூலம் வருகிறவர்களும் எண்ணிக்கையில் சேர்த்தி. வேன் வைத்து ஆள் கூட்டி வரும் அக்காவுக்கு "லேபர் சப்ளை" என்று பில் போட்டுவிட்டால் ஆட்கள் அவருடையவர்கள் ஆகிவிடுவார்கள் என்று ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருந்தார். ஆக மாட்டார்கள். அவர் கட்டாவிட்டால் அது உங்கள் தலையில்தான் வரும்.

11 செப்டம்பர்

தடைக்காலம் பற்றி. 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அது விசைப்படகுக்கு. நாட்டுப்படகு அப்போதும் போகிறது, நண்டு வலை போடுகிறது, உங்கள் கம்பெனிக்கும் கொஞ்சம் நண்டு வருகிறது. மூடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இ.எஸ்.ஐ. சட்டம் பருவத் தொழிற்சாலை என்று விட்டுக்கொடுப்பது பஞ்சு அரைப்பது, சர்க்கரை ஆலை போன்ற சில தொழில்களுக்கு. வருஷத்தில் இரண்டு மாதம் மூடுகிற நண்டு கம்பெனிக்கு அந்த வாசல் கிடையாது. பி.எஃப். பக்கம் மீன் பதனிடும் தொழில் பட்டியலிலேயே இருக்கிறது.

14 செப்டம்பர்

"எவ்வளவு செலவாகும் என்று சொல்லாமல் பயமுறுத்துகிறீர்கள்" என்று ஒருவருக்குக் கோபம். சரி, சொல்கிறேன். ஒருவருக்கு மாதம் 10,000 ரூபாய் கூலி என்றால் உங்கள் பங்கு பி.எஃப். 12 சதவீதம், அதோடு காப்பீடும் நிர்வாகச் செலவும் ஒரு சதவீதம், ஆக 1,300. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 325. மொத்தம் 1,625. அவர் பங்கு 1,200 ரூபாயும் 75 ரூபாயும். கட்ட வேண்டிய தேதி அடுத்த மாதம் 15.

இதில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அவர் பங்கை அந்தந்த மாதக் கூலியில் பிடிக்காமல் விட்டுவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு மொத்தமாகப் பிடிக்க முடியாது. அப்போது இரண்டு பங்கும் உங்கள் பையிலிருந்துதான். மேலே வட்டி வருஷத்துக்கு 12 சதவீதம், அபராதம் தனி. மூன்று வருஷம் தள்ளிப் போட்டவருக்கு ஏறிய தொகையைப் பார்த்தபோது ஆடிட்டர் ஃபீஸ் ஞாபகம் வந்தது. அதை மட்டும் ஒரு மாதம்கூடத் தள்ளிப் போட்டிருக்க மாட்டார்.

இ.எஸ்.ஐ.க்கு இப்போது ஒரு வழி திறந்திருக்கிறது. ஸ்ப்ரீ 2025 என்று பெயர். ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை தாங்களாகவே பதிவு செய்கிறவர்களிடம் பழைய பாக்கி கேட்க மாட்டார்கள். நோட்டீஸுக்காகக் காத்திருப்பதில் என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

15 செப்டம்பர்

"இ.எஸ்.ஐ.யால் அந்தப் பெண்களுக்கு என்ன பிரயோஜனம், ஆஸ்பத்திரியில் போய் நிற்கவா?" பாதி நியாயமான கேள்வி. வரிசை நீளம்தான். ஆனால் நண்டு முள் குத்திக் கை மரத்துப்போய் வீங்கி ஒரு வாரம் உட்கார்ந்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலையில் பட்ட காயத்துக்கு இ.எஸ்.ஐ. கூலியில் 90 சதவீதம் கொடுக்கும், இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல். இல்லையென்றால் அந்த வாரம் அவள் கந்துவட்டிக்குப் போவாள். இல்லாவிட்டால் உங்களிடம் அட்வான்ஸ் கேட்பாள். அட்வான்ஸ் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அது பெரிய சங்கதி.

21 செப்டம்பர்

பி.எஃப்., இ.எஸ்.ஐ. மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். ஷெட்டில் உண்மையான சண்டை நடப்பது அதில் இல்லை. காத்திருக்கும் நேரத்தில்தான்.

நான் இந்த வேலைக்கு வந்தது தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவளாக. பிறகு சூப்பர்வைசர். இப்போது சில கம்பெனிகளுக்கும் ஐஸ் பிளாண்டுகளுக்கும் பதிவேடு எழுதிக் கொடுக்கிறேன். அதனால் இது மேசையின் இரண்டு பக்கமும் தெரிந்த விஷயம்.

காலை ஆறு மணிக்கு வேன் கிராமத்தில் ஹார்ன் அடிக்கும். பெண்கள் கையுறையும் தலையை மூடும் துணியும் மாட்டிக்கொண்டு ஏழு மணிக்கெல்லாம் தயார். அவித்த நண்டு வந்து சேர ஒன்பது ஆகும், பத்தும் ஆகும். படகு தாமதம், அவிக்கும் இடத்தில் கரண்ட் இல்லை, வண்டி பாம்பனில் மாட்டிக்கொண்டது, ஏதாவது ஒன்று. காற்றடித்தால் நண்டே வராது. பதினோரு மணிக்கு "இன்னிக்கு அவ்வளவுதான், போங்க" என்று வேனில் ஏற்றுவோம். கிலோ கூலி என்பதால் அன்றைக்கு அவர்களுக்கு ஒன்றும் கிடையாது. எங்களுக்கும் அது தவறாகத் தோன்றியதில்லை. கடல் தரவில்லை, நாங்கள் என்ன செய்ய என்பதுதான் பேச்சு.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948 இதை வேறு மாதிரிப் பார்க்கிறது. 17-ஆவது பிரிவு: எண்ணிக்கைக்கோ எடைக்கோ கூலி வாங்கினாலும், நாளுக்கு இவ்வளவு என்று அரசு வைத்த குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. 15-ஆவது பிரிவு: வந்தவருக்கு முதலாளி வேலை கொடுக்காததால் நாள் குறைந்தது என்றால் முழு நாள் கூலி. தொழிலாளி தானாக வேலை செய்ய மறுத்தால் விலக்கு. நண்டு வராதது உங்கள் தொழிலின் நஷ்டம், அவளுடையது கிடையாது.

குறைந்தபட்ச நாள் கூலி 400 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த சதைக்குக் கிலோ கணக்கில் 310 வந்தால் மிச்சம் 90-ஐச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 520 வந்தால் 520-தான், மேலே இருப்பதைக் குறைக்க முடியாது. கிலோ கூலியின் லாபம் கைவேகம் உள்ளவளுக்கு, பாதுகாப்பு கைவேகம் குறைந்தவளுக்கு. இதற்காகத்தான் தராசு நோட்டில் கிலோ மட்டும் எழுதினால் போதாது, வந்த நேரமும் போன நேரமும் வேண்டும். நேரம் எழுதாத நோட்டு உங்களைக் காப்பாற்றாது. "எட்டு மணி நேரம் இருந்தேன்" என்று அவள் சொன்னால் மறுக்க உங்களிடம் காகிதம் இல்லை.

அந்தக் குறைந்தபட்சம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு ஏப்ரலும் பாருங்கள். அகவிலைப்படி ஏப்ரல் 1-இல் மாறும். தடைக்காலத்துக்கு முந்தைய அவசரத்தில் எல்லோரும் இதை மறப்பார்கள்.

22 செப்டம்பர்

மேலே எழுதியதற்கு ஒரு சம்மாட்டி (படகு முதலாளி): "அப்படியானால் என் படகில் வருகிறவனுக்கும் மீன் படாத நாளில் நாள் கூலியா?" பங்கு முறையை இதோடு குழப்ப வேண்டாம். டீசல், ஐஸ், ரேஷன் கழித்து மிச்சத்தைப் பங்கு போடுகிறீர்கள். மீன் நிறையப் பட்டால் அவன் பங்கும் ஏறுகிறது. நண்டு சதை ஏற்றுமதியில் விலை ஏறினால் உடைக்கும் பெண்ணுக்கு ஏறுகிறதா? லாபத்தில் பங்கு இல்லாதவளுக்கு நஷ்டத்தில் மட்டும் பங்கு கொடுப்பதைத்தான் கூடாது என்கிறேன். படகை இங்கே இழுக்க வேண்டாம், அதற்குத் தனியாகப் பேச வேண்டும்.

30 செப்டம்பர்

ஓடு பிடித்தம். ஒரு கம்பெனியில் சதையில் ஓடு கிடைத்தால் ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று பிடிப்பார்கள். பலகையில் எழுதியே வைத்திருப்பார்கள், பெருமையாக. அந்தப் பலகையே அவர்களுக்கு எதிரான சாட்சி.

கூலி வழங்கல் சட்டத்தில் அபராதம் போட வழி இருக்கிறது, ஆனால் வாசல் சின்னது. எதற்கெல்லாம் அபராதம் என்பதற்கு அரசின் முன் ஒப்புதல் வேண்டும். போடுவதற்கு முன் அவரைக் கேட்க வேண்டும். மாதக் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவேட்டில் எழுத வேண்டும். வசூலான காசைத் தொழிலாளர் நலனுக்கே செலவழிக்க வேண்டும், உங்கள் கல்லாவில் சேர்க்கக் கூடாது. இவ்வளவையும் செய்கிற நண்டு கம்பெனி எதையும் நான் கண்டதில்லை. தட்டைத் திருப்பிக் கொடுத்து மறுபடி பொறுக்கச் சொல்லுங்கள், அது மேற்பார்வை. காசைப் பிடிக்காதீர்கள்.

கையுறைக்கும் கம்பூட்ஸுக்கும் பிடிப்பதும் கூடாது. ஏற்றுமதிச் சுத்தத்துக்காக நீங்கள் கேட்கிற பொருள் அது.

12 அக்டோபர்

இது ஒரு தம்பி எழுதியது: "நான் வெறும் சூப்பர்வைசர். முதலாளி சொல்வதைச் செய்கிறேன். நாளைக்கு வழக்கு வந்தால் நானும் மாட்டுவேனா?"

தம்பி, காகிதத்தில் முதலாளிதான் பொறுப்பு. ஆனால் தொழிற்சாலைச் சட்டம் உடைமையாளர், மேலாளர் இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. மேலாளர் என்று உன் பெயரைக் கொடுத்து உன்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்று முதலில் பார். பல இடத்தில் அப்படித்தான், அந்த ஆளுக்கே தெரியாது.

அடுத்தது, முதலாளி மதுரையிலோ தூத்துக்குடியிலோ இருப்பார். ஷெட்டில் கம்பெனி பேசுவது உன் வாயால். "நாளையிலிருந்து வராதே" என்று நீ கேட்டில் சொன்னால் அது கம்பெனி செய்த வேலை நீக்கம். ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான கூலியோ, வருஷத்துக்கு 15 நாள் கூலி இழப்பீடோடு வேண்டும். தப்பு செய்தார் என்றால் விசாரணை வேண்டும். நீ அதை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பியிருக்கிறாய் என்றால் வக்கீலுக்கு வேலை மிச்சம். ஒரு தொழிலாளர் அலுவலகத்தில் அப்படி ஒரு வாய்ஸ் நோட்டை எல்லோர் முன்னாலும் போட்டார்கள். பின்னணியில் வேன் ஹார்ன் வரை தெளிவாகக் கேட்டது.

கோபத்தில் சொல்லாதே. "ஆபீஸில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழகு.

13 அக்டோபர்

நேற்று எழுதியதைப் படித்தால் சூப்பர்வைசரை மட்டும் மிரட்டியது போல் இருக்கிறது. மறுபக்கமும் உண்டு. சூப்பர்வைசர் என்று பெயர் வைத்துவிட்டு, நாள் பூராவும் ஐஸ் பெட்டி தூக்கச் சொன்னால் நீயும் தொழிலாளிதான். பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, செய்கிற வேலையைப் பார்ப்பார்கள். ஓவர்டைம், லீவு, கிராஜுவிட்டி எல்லாம் உனக்கும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

19 அக்டோபர்

அட்வான்ஸ். தீபாவளிக்கு முந்தின நாள் எழுதுவது பொருத்தம்தான்.

அட்வான்ஸ் கொடுப்பது தப்பில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் இந்தக் கரையில் அட்வான்ஸ் இல்லாமல் அடுப்பு எரியாது. தவணையாகப் பிடிக்கலாம், மொத்தப் பிடித்தம் கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. தப்பு எங்கே தொடங்குகிறது என்றால், "அட்வான்ஸை முடித்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போ" என்று சொல்லும் இடத்தில். கடனைக் காட்டி ஒருவரை வேறு இடம் போகவிடாமல் நிறுத்துவது 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரும். மூன்று வருஷம் வரை சிறை. போகிறவரிடம் கடன் பாக்கி இருந்தால் கடனாகக் கேளுங்கள். ஆதார் அட்டையையும் ரேஷன் கார்டையும் டிராயரில் வைத்துக்கொள்ளாதீர்கள். "பத்திரத்துக்குத்தான் வைத்திருக்கிறேன்" என்கிற பதிலை ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னால் சொல்லிப் பாருங்கள்.

இதில் பெண்களும் எனக்கு முகம் சுளிப்பார்கள். "அட்வான்ஸ் தருகிற கம்பெனியைக் கெடுத்துவிடாதே அக்கா" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. அட்வான்ஸை நிறுத்தச் சொல்லவில்லை, நோட்டில் எழுதி, அவர் கையிலும் ஒரு நகல் கொடுத்து, வட்டி போடாமல் கொடுங்கள் என்கிறேன்.

3 நவம்பர்

பி.எஃப்.க்கும் ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. நவம்பர் 1 முதல் அடுத்த ஏப்ரல் 30 வரை. 2017 ஜூலை 1-க்குப் பிறகு சேர்ந்து, பி.எஃப்.பில் விட்டுப்போனவர்களை இப்போது சேர்க்கலாம். நீங்கள் பிடிக்காமல் விட்ட அவர்கள் பங்கு தள்ளுபடி. உங்கள் பங்கும் வட்டியும் நிர்வாகச் செலவும் கட்ட வேண்டும், அபராதம் வெறும் 100 ரூபாய். செப்டம்பர் 14 குறிப்பில் "இரண்டு பங்கும் உங்கள் பையிலிருந்து" என்று எழுதியதற்கு இது தற்காலிக விலக்கு. ஏப்ரல் 30 தாண்டினால் பழைய கதைதான்.

22 நவம்பர்

நேற்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன. கூலித் தொகுப்பு 2019, மற்ற மூன்றும் 2020. இத்தனை வருஷம் "வரும் வரும்" என்று கேட்டுக் கேட்டு யாரும் நம்பாமல் இருந்தார்கள். காலையிலிருந்து போன். "எல்லாம் போச்சா?" "இனி ஒன்றும் வேண்டாமா?" என்று இரண்டு மாதிரியும் கேட்கிறார்கள்.

மேலே எழுதியவற்றில் என்ன மாறுகிறது என்று மட்டும் சொல்கிறேன். குறைந்தபட்சக் கூலி இனி பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும் என்பதில்லை, எல்லாத் தொழிலுக்கும். கிலோ கூலி, காத்திருக்கும் நாள் பற்றி எழுதியது பிரிவு எண் மாறி அப்படியே புதுத் தொகுப்பிலும் இருக்கிறது. தொழிற்சாலை என்பதற்கான எண்ணிக்கை மின்சாரம் உள்ள இடத்தில் 10-லிருந்து 20 ஆகியிருக்கிறது, மின்சாரம் இல்லாத இடத்தில் 20-லிருந்து 40. இதைப் பார்த்துவிட்டு ஒருவர் "அப்போ இ.எஸ்.ஐ.யும் 20-ஆ?" என்றார். இல்லை, இ.எஸ்.ஐ. 10-தான், பி.எஃப். 20-தான். சூப்பர்வைசரைத் தொழிலாளியாகக் கொள்ளும் சம்பள வரம்பு 10,000-லிருந்து 18,000 ஆகியிருக்கிறது. தம்பி, உனக்கு நல்ல செய்தி.

நமக்குப் பெரியது இரண்டு. ஒன்று, வேலையை விட்டு நின்றவருக்கு, நீங்கள் நிறுத்தினாலும் அவராக நின்றாலும், இரண்டு வேலை நாளுக்குள் கூலியை முடிக்க வேண்டும். முன்பு நீங்கள் நிறுத்தியவருக்கு மட்டும்தான் இந்த அவசரம். "அடுத்த கணக்கு நாளில் வா" என்று அனுப்பும் வழக்கம் இனி ஓடாது. இரண்டாவது, நியமனக் கடிதம். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஒவ்வொருவருக்கும். ஏற்கனவே இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்குள், அதாவது பிப்ரவரி 20 வாக்கில்.

நண்டு உடைக்கும் பெண்ணுக்கு நியமனக் கடிதம்! சிரிக்கிறீர்கள். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. இப்போது அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன்.

6 டிசம்பர்

இரவு வேலை பற்றிக் கேட்டவருக்கு: இரவு ஏழுக்கு மேல், காலை ஆறுக்கு முன் பெண்களை வைக்கலாம், அவர்கள் சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் வீடு சேரும் வண்டியும் உங்கள் பொறுப்பு. தமிழ்நாட்டுக்கு இது ஒன்றும் புதிதில்லை, சென்னை உயர் நீதிமன்றம் 2000-இலேயே அந்தத் தடையை நீக்கிவிட்டது. சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். சம்மதிக்காதவளுக்கு மறுநாள் பகல் வேலை இல்லை என்றால் அது சம்மதமே கிடையாது.

வேனைப் பற்றி ஒரு வார்த்தை. பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம்தான். வேன் டிரைவரைப் பற்றி ஒரு பெண் முணுமுணுத்தால் "அது வெளி ஆள் விஷயம்" என்று சூப்பர்வைசர் தள்ளிவிட முடியாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் புகாரைக் கேட்க உள்ளகக் குழு வேண்டும்: தலைமைக்கு ஒரு பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். இருபத்தைந்து பெண்கள் இருக்கும் இடத்தில் பெண் கிடைக்கவில்லை என்று எனக்கு ஒருவர் சொன்னார். அமைக்காவிட்டால் அபராதம் 50,000 ரூபாய் வரை. பத்துக்குக் குறைந்த இடத்தில் புகார் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போகும். வெளி உறுப்பினராக முதலாளியின் மச்சினனைப் போடாதீர்கள். சும்மா சொல்லவில்லை, போட்டிருந்தார்கள்.

7 டிசம்பர்

கிராஜுவிட்டி கேட்டவர்களுக்கு. பத்துப் பேர் இருந்தால் வரும், ஐந்து வருஷம் முடிந்திருக்க வேண்டும். கிலோ கூலிக்காரருக்கு எப்படிக் கணக்கு என்று சட்டமே சொல்கிறது: கடைசி மூன்று மாதக் கூலியின் நாள் சராசரி, அதில் 15 நாள், வருஷத்துக்கு. சராசரி 400 என்றால், பத்து வருஷத்துக்கு 60,000 ரூபாய். கிலோ கூலிக்காரர் நம் ஆளே இல்லை என்று இன்னும் நினைப்பவர்கள், சட்டம் ஏன் அவர்களுக்கென்று தனியாக ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறது என்று யோசிக்கலாம்.

தடைக்காலத்தில் வேலை இல்லாததால் சேவை முறிந்துவிடாது. அவர் தவறால் நின்ற வேலை இல்லை அது.

பிரசவம்: கடந்த பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரம். இ.எஸ்.ஐ. இருந்தால் அதை இ.எஸ்.ஐ.யே கொடுக்கும், அங்கே 70 நாள் சந்தா போதும். நாள் கூலிக்காரருக்குக் கிடையாது என்று யாராவது சொன்னால், டெல்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோல் (நாள் கூலி) பெண்களுக்கு 2000-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது என்று சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. கட்டாத முதலாளிக்கு ஆறு மாதக் கூலி சொந்தச் செலவு. 325 ரூபாய்க்கு அழுதவர் ஞாபகம் வருகிறாரா?

11 ஜனவரி 2026

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒருவர் நியமனக் கடிதம் எழுத உட்கார்ந்து திகைத்துப் போயிருக்கிறார். நோட்டில் 18 பெயர். கடிதம் கொடுக்கக் கூப்பிட்டால் 27 பேர் நிற்கிறார்கள். அம்மாவும் மகளும், நாத்தனாரும் அண்ணியும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பெயரில் கிலோ போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். "பெயர் ஒன்றுதானே, கடிதம் ஒன்று போதாதா?" என்று கேட்கிறார்.

போதாது. 27 பெயர், 27 வரிசை, 27 ஆதார். அம்மா பெயரில் போட்ட நான்கு கிலோவில் மகளுடையது எவ்வளவு என்று இனி தனித்தனியாகத் தராசில் வைக்க வேண்டும். இல்லையென்றால் அம்மா கணக்கில் குறைந்தபட்சத்தைத் தாண்டியது போல் தெரியும், மகள் இலவசமாக வேலை பார்த்தவள் ஆவாள். அதோடு 18 பேருக்கு பி.எஃப். இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தீர்கள். 27-க்கு உண்டு. ஏப்ரல் 30 வரை நேரம் இருக்கிறது.

12 ஜனவரி

அவரே மறுபடி: "அந்த மகள்களில் மூன்று பேர் ஸ்கூல் லீவில் வந்த பிள்ளைகள். அவர்களுக்கும் கடிதமா?"

கடிதத்தைக் கீழே வையுங்கள், அண்ணே. முதலில் மூன்று பேரின் பிறந்த தேதியையும் பாருங்கள். 14 முடியாத பிள்ளை ஷெட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது, லீவாக இருந்தாலும், அம்மாவுக்கு உதவி என்றாலும். குறைந்தது ஆறு மாதம் சிறை, இல்லாவிட்டால் 20,000 முதல் 50,000 வரை அபராதம், சில சமயம் இரண்டும் சேர்ந்து. 14-க்கு மேல் 18-க்குக் கீழ் என்றால் கொதிக்கும் அண்டா, அம்மோனியா ஐஸ் பிளாண்ட், இரவு வேலை எதற்கும் பக்கத்தில் விடாதீர்கள், வேலை நேரமும் குறைவு. தேதி தெரிந்ததும் எழுதுங்கள்.